தேவையில்லாத பிராக்கெட்

வாங்க, இப்படி உள்ளார வந்து உக்காருங்க. வெளிய லாரிச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது. ஆபீசுலயே பேசியிருக்கலாம். ஆனா ஒரு பொம்பளப் புள்ளை விஷயம் பாருங்க, நாலு பேரு காதுல விழுந்தா நல்லா இருக்காது. அதுக்குத்தான் பேக்கரிக்குக் கூட்டிட்டு வந்தேன். அண்ணா, ரெண்டு டீ. உங்களுக்குச் சர்க்கரை போடலாமுங்களா? ஆகாதா? அண்ணா, ஒண்ணு சர்க்கரை இல்லாம.

ஆக, நீங்க பையனுக்குத் தாய்மாமன். பொண்ணு பிரதீபா எங்க கம்பெனியில வேலை செஞ்சவ, நாச்சிமுத்து சாருக்குக் கீழ இருந்தவ, அவரைக் கேட்டாத் தெரியும்னு தரகர் சொல்லி விட்டிருக்காரு. சரியாத்தான் சொல்லியிருக்காருங்க. என்னைவிட்டா அவளைப் பத்திச் சொல்றதுக்கு வேற ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாடி விசாரிக்கிறது நல்ல பழக்கமுங்க. பின்னாடி அழுது என்ன பிரயோசனம்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சொல்லி வெச்சிருக்காங்க. எனக்கு அது ஆகாது. ஒத்தப் பொய் வராது என்ற வாயில. நல்லதும் சொல்லுவேன், கெட்டதும் சொல்லுவேன், நீங்க வீட்டுல கலந்து முடிவு பண்ணிக்கோங்க.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். தங்கமான பொண்ணு. கோபிப் பக்கம் ஊரு. அவங்கப்பா பால் சொசைட்டியில வேலை, மரியாதைப்பட்ட மனுசன். இந்தப் புள்ளை வேலைக்கு உக்காந்தா தலை நிமிராது. கேண்டீன்ல கும்பலா உக்காந்து கெக்கேபிக்கேன்னு சிரிக்கிற பழக்கம் கிடையாது. பசங்களோட சுத்தறது, சினிமா, அதெல்லாம் ஒண்ணும் நான் கேள்விப்படலீங்க. கேள்விப்பட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.

ஒரே ஒரு குறை. குறைன்னு கூட நான் சொல்ல மாட்டேன், ஒரு குணம். அந்தப் புள்ளைக்கு பிராக்கெட் பைத்தியம்.

சிரிக்காதீங்க, சொல்றேன். இது புரியோணும்னா எங்க தொழில் சித்தத் தெரியோணும். எங்க கம்பெனி பேப்பர் கட்டிங் மெஷினுக்கு கண்ட்ரோல் போர்டு செய்யறது. சிவகாசியில நோட்டுப் புக்கு, காலண்டர் போடற பிரஸ்ஸுல பாத்திருப்பீங்க. கட்டுக் கட்டா பேப்பரை உள்ள வெச்சு, காலால பெடலை மிதிச்சா பிளேடு இறங்கும். ஒரே வெட்டு, கத்தை ரெண்டாப் போயிரும். அந்த நேரம் கை உள்ள இருந்தா? அதுக்குத்தான் முன்னாடி மூணு கண்ணு வெச்சிருக்கும். இடது பக்கம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. எந்தக் கண்ணைக் கை மறிச்சாலும் பிளேடு நிக்கோணும். அப்படி நில்லுன்னு போர்டுக்குச் சொல்றதுதான் புரோகிராம். "சி"ன்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை இருக்குதுங்க, அதுல எழுதறது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்துல இருந்து அதுதான் என்ற சோறு.

அந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதினது பிரதீபா. ஃபைலோட தலைமாட்டுல அவ பேருதான் இருக்கும். இன்னிக்கும் இருக்குது. நான் அழிக்கல. வேற ஆளா இருந்தா தன் பேரைப் போட்டுட்டிருப்பான்.

இப்ப அந்தப் புள்ளை எழுதற தினுசைக் கேளுங்க. ஒரு வரியில நாலு வார்த்தை இருந்தா ஆறு பிராக்கெட், அதானுங்க அடைப்புக்குறி, இருக்கும். இதை முதல்ல செய், அப்பறம் அதைச் செய்யின்னு கம்ப்யூட்டருக்கு வரப்பு போட்டுக் குடுக்கிற மாதிரி. சரி, பிராக்கெட்தான் அப்படின்னா, மெமரி விஷயத்துல இன்னும் மோசம். புரோகிராமுக்கு நடுவுல கொஞ்சம் இடம் தேவைப்பட்டா கேட்டு வாங்கிக்கலாமுங்க, வேலை முடிஞ்சா திருப்பிக் குடுத்துடலாம். எல்லாரும் கேப்பாங்க, எடுப்பாங்க, குடுப்பாங்க, அவ்வளவுதான். இவ, கேட்ட இடம் கிடைச்சுதான்னு ஒரு வரி எழுதிப் பாப்பா. திருப்பிக் குடுத்ததுக்கு அப்பறம் அந்த முகவரியை அழிக்கறதுக்குன்னு இன்னொரு வரி. ஏம்மிணி இந்த வெட்டி வேலைன்னு கேட்டேன். "காலி பண்ணின வீட்டுச் சாவி நம்ம கையில எதுக்குங்க சார்? மறதியாத் திறந்துட்டா உள்ள வேற யாராச்சும் குடியிருப்பாங்க"ன்னா. புரோகிராம் எழுதச் சொன்னா வாடகை வீட்டுப் பேச்சு பேசறா.

நான் அந்த வரியெல்லாம் எடுத்துட்டேன். எனக்குக் குப்பை ஆகாது, சுத்தமா இருக்கோணும். எடுத்த வாரம் மெஷின் திரையில எழுத்தெல்லாம் கன்னாபின்னான்னு கோணிக்கிட்டு வந்துது. அளவு ஒண்ணு காட்டுது, வெட்டறது ஒண்ணு. ரெண்டு நாளு அவ தலையைக் குனிஞ்சு என்னவோ நோண்டிட்டு இருந்தா, அப்பறம் தானாச் சரியாப் போச்சு. மின்சாரம் ஏறி இறங்கினா அப்படித்தானுங்க ஆகும்.

டீ ஆறுது, குடிங்க.

அவளைத் திருத்தோணும்னு நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லீங்க. திங்கக்கிழமை எங்களுக்கு மீட்டிங் இருக்கும். அவ எழுதினதைப் பெரிய திரையில போட்டு, எல்லாரும் உக்காந்திருக்க, "எந்திரிச்சு நின்னு படி அம்மிணி, ஒரு பிராக்கெட் விடாமப் படி"ன்னேன். அவளும் படிச்சா. பிராக்கெட் திறக்குது, பிராக்கெட் திறக்குது, பிராக்கெட் மூடுது, மறுக்கா திறக்குது. பசங்க சிரிச்சு சிரிச்சு வயித்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு பக்கம் முழுக்கப் படிச்சு முடிச்சா. நிறுத்தலாமுங்களா சார்னு கேட்டா. இன்னும் ரெண்டு பக்கம் இருக்குது, படின்னேன். அன்னில இருந்து அவளுக்கு ஆபீசுல பேரே பிராக்கெட்தான். செக்யூரிட்டி கூட "பிராக்கெட் மேடம் வந்துட்டாங்களா"ன்னு கேப்பான். எல்லாம் ஒரு பிரியத்துலதானுங்க. அடிக்கற கைதானே அணைக்கும்.

அந்த மீட்டிங்லதான் அவ முதல் தடவையா எதிர்த்துப் பேசினா. திரையில ஒரு வரியைக் காட்டி, "சார், வேற எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. இந்த ஒரு ஜோடியை மட்டும் எடுத்துடாதீங்க"ன்னா. கண்ணு மூணையும் பாக்கிற வரி அது. அவ கணக்கு என்னன்னா, மூணு கண்ணையும் சேத்துப் பாரு, அப்பறம் அதுல ஏதாச்சும் மறிச்சிருக்குதான்னு கேளு. சேத்துப் பாருங்கற பாகத்தை பிராக்கெட்ல போட்டிருந்தா. பிராக்கெட்டை எடுத்துட்டா, சி பாஷை என்ன பண்ணும்னா, கேள்வியை முதல்ல கேட்டுப்போடும், பாக்கிறது அப்பறம்தான் பாக்கும், அப்படிப் பாத்தா இடது கண்ணு ஒண்ணுதான் தெரியும், மத்த ரெண்டும் இருக்கிறதே தெரியாதுன்னா.

எனக்கு அது ஏறலீங்க. எழுதறது இடமிருந்து வலம். படிக்கறது இடமிருந்து வலம். மெஷின் மட்டும் எதுக்கு எட்டிக் குதிச்சு நடுவுல இருந்து ஆரம்பிக்கும்? என்னங்க சொன்னீங்க? கூட்டலும் பெருக்கலும் வந்தா பெருக்கல்தான் முதல்லன்னு உங்க பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்தாங்களா? அது கணக்குங்க. இது கம்ப்யூட்டரு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. அதுவுமில்லாம, நாலு பேரு முன்னாடி, அதுவும் புதுசாச் சேந்த பசங்க முன்னாடி, "இல்லீங்க சார், அது அப்படி இல்லீங்க சார்"ன்னா, என்ற மரியாதை என்னத்துக்கு ஆகும்? "உன்ற வயசை விட என்ற சர்வீஸ் ஜாஸ்தி, உக்காரு"ன்னு உக்கார வெச்சேன்.

அவ உக்காந்தா. ஆனா அடங்கலீங்க. மறுநாள் பாத்தா அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்கா: இந்த பிராக்கெட்டைத் தயவு செய்து எடுக்க வேண்டாம், எடுத்தால் கை போகும். பாருங்க, எழுதற எழுத்தை. நல்ல காரியம் நடக்கிற எடத்துல எழுதற வார்த்தையா அது?

அடுத்த வாரம் அவங்கப்பாவுக்குக் கண்ணுல ஆபரேஷன்னு லீவு போட்டுட்டு ஊருக்குப் போனா. அந்த நேரம் பாத்து சிவகாசிக்காரங்க போர்டு கேட்டு நெருக்கறாங்க. நான்தான் உக்காந்து கடைசியாச் சுத்தம் பண்ணினேன். கம்ப்யூட்டரு சில நேரம் எச்சரிக்கை மாதிரி மஞ்சளா ஏதாச்சும் காட்டுமுங்க, இங்க பிராக்கெட் போட்டா நல்லதுன்னு. அதை நான் எப்பவுமே அமத்தி வெச்சிருப்பேன். பொழுதுக்கும் நொய்நொய்னு, பொண்டாட்டி தொல்லை மாதிரி. தப்புன்னா தப்புன்னு சொல்லு, நின்னுக்கறேன். தப்பில்லைன்னா வாயை மூடு. இதுதான் என்ற கொள்கை.

டெஸ்டும் பண்ணினேன். டெஸ்ட் பண்ணலைன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. எங்க ரூம்ல மெஷினோட வலது பக்கம் செவுரு, ஆளு போக முடியாது. இடது பக்கம் நின்னுதான் கைக்குப் பதிலா ஒரு முள்ளங்கியை நீட்டுவோம். நீட்டினேன். பிளேடு அப்படியே நின்னுது. முள்ளங்கி முழுசா இருந்துது. மறுக்கா நீட்டினேன், மறுக்காவும் நின்னுது. பிரதீபா இருந்தா மெஷினைத் திருப்பிப் போட்டு மூணு பக்கமும் பாக்கலாம்னு சொல்லியிருப்பா. அவ எப்பவும் அப்படித்தான், முள்ளங்கிக்கே மூணு பங்கு கேப்பா. நின்னுதா, முடிஞ்சுது. போர்டை அனுப்பிட்டேன். அவ லீவு முடிஞ்சு வந்ததும் வேற மெஷின் வேலை குடுத்தேன், இந்த ஃபைலை அவ மறுக்கா பாக்கல.

பிராக்கெட்டா? ஆமாமுங்க, நான்தான் எடுத்தேன். வேற யாரு எடுப்பாங்க? அந்தக் குறிப்பையும் எடுத்துட்டேன். கஸ்டமருக்குப் போற பொருள்ல அபசகுனமா ஒரு வார்த்தை இருக்கக் கூடாது பாருங்க.

அதுக்கு அப்பறம் ஒரு மாசம் இருக்கும். சிவகாசியில பால்பாண்டின்னு ஒரு ஆளு. மெஷின் ஓட்டறவரு, நல்ல அனுபவஸ்தருன்னு சொன்னாங்க. கத்தை சாஞ்சுதுன்னு வலது கையை வலது பக்கமாவே உள்ள விட்டுச் சரி பண்ணியிருக்காரு. கண்ணுதான் பாத்துக்குமேன்னு தைரியம். கால் பெடல்ல பட்டுது. கட்டை விரலைத் தவுத்து மத்த நாலும் போச்சு.

அதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வெசனமாத்தான் இருக்குது. அன்னிக்கு நான் மத்தியானம் சாப்பிடல.

முதலாளி ரெண்டு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டாரு. யாரு எழுதினதுன்னு கேட்டாரு. நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லலீங்க, குறைச்சும் சொல்லல. "ஃபைல்ல பிரதீபா பேரு இருக்குதுங்க"ன்னேன். இருக்கிறதைத்தானே சொன்னேன்? அவ, "சார், நான் மூணு கண்ணையும் பாத்துத்தான் எழுதினேன், எப்படி ஆச்சுன்னு தெரியலீங்க"ன்னா. அப்பக் கூட, "என்ற தப்பு சார், மன்னிச்சுக்கோங்க"ன்னு வருதா பாருங்க. அந்த ஒரு வார்த்தைதான் முதலாளி எதிர்பார்த்தது. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

நாங்க நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தா பிரச்சினை பெருசாகாதுன்னு முதலாளி சொன்னாரு. எழுதினவளே வந்து மன்னிப்புக் கேட்டா அவங்களுக்கும் மனசு ஆறும்னு நான்தான் யோசனை சொன்னேன். அவளையும் கார்ல ஏத்திட்டுச் சிவகாசி போனேன். ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் வாங்கிட்டுப் போனேன், என்ற கைக்காசுல.

ஆஸ்பத்திரியில பால்பாண்டி கட்டோட உக்காந்திருக்காரு. அவரு சம்சாரம் பக்கத்துல. முத்துமாரின்னு பேரு. நான் சொன்னேன், "அம்மா, இந்தப் புள்ளைதான் அந்தப் புரோகிராம் எழுதினது. சின்னப் புள்ளை, தெரியாமச் செஞ்சுட்டா, மன்னிச்சுடுங்க"ன்னு. நயமாத்தான் சொன்னேன். அந்தம்மா பிரதீபாவை மேலயும் கீழயும் பாத்துச்சு.

"படிச்சிருக்கியாம்மா?"ன்னு கேட்டுச்சு.

"படிச்சிருக்கேங்க."

"எங்க வீட்டுல ரெண்டு பொட்டப் புள்ளை. அதுகளையும் உன்னை மாதிரிதான் படிக்க வைக்கணும்னு இந்த மனுசன் ரெண்டு ஷிப்டு பாத்தாரு. இனி யாரு கையை வச்சு படிக்க வைக்க? நீயே சொல்லு. நீ நல்லா இருப்பியா? உனக்கொரு நல்லது நடக்குமா?"

கல்யாணம் ஆகாத புள்ளையைப் பாத்து அந்த வார்த்தை. எனக்கே ஒரு மாதிரி ஆயிப் போச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவ என்ன பண்ணினாத் தெரியுமுங்களா? ஒரு வார்த்தை பேசல. நான் இல்லைங்க, நான் எழுதினது சரிதாங்கன்னு ஒண்ணும் சொல்லல. ஆபீசுல அத்தனை வாய் பேசினவ, அங்க அந்தம்மா முன்னாடி கையைக் கட்டிட்டு நின்னா. அப்பத் தப்பு யாரு மேலன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?

போகும்போது பால்பாண்டிகிட்ட மட்டும் ஒண்ணு கேட்டா. "அண்ணே, எந்தப் பக்கமாக் கையை விட்டீங்க?"

"வலது பக்கம் தாயி"ன்னாரு அவரு. "அந்தப் பக்கம் கண்ணு இருக்கேன்னுதான்."

திரும்பி வர்ற வழியில, விருதுநகர் தாண்டினதும், "சார், அந்த பிராக்கெட்டை எடுத்துட்டீங்களா?"ன்னு கேட்டா. ஆமா எடுத்தேன், உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கறேன்னேன். அழுவான்னு பாத்தேன். அழல. "மத்த ஊர்ல இருக்கிற மெஷினை எல்லாம் இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க சார். நீங்க ஒத்துக்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், நிறுத்தச் சொன்னாப் போதும்"ன்னா. போன் எடுத்துக் குடுக்கறா, நம்பரை அவளே தேடி. நான் வாங்கி என்ற சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். கம்பெனி பேரு என்னத்துக்கு ஆகும்? அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாதுங்க. பொறுமையா, சர்வீஸ் ஆளுங்களை அனுப்பி, எழுத்துப் பெருசாத் தெரியறதுக்குப் புது புரோகிராம் போடறோம்னு சொல்லி, எல்லா மெஷின்லயும் மாத்திட்டோம். ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குள்ள சாத்தூர்ல ஒரு புள்ளைக்கு விரல் நுனி போச்சு, அது பெரிய காயம் இல்ல, நகத்தோட சரி.

என்ன மாத்தினோமா? அந்த பிராக்கெட்டைத் திருப்பிப் போட்டோமுங்க. சும்மா இருந்துட்டுப் போகட்டும்னுதான். எடுத்தது தப்புன்னு அர்த்தமில்ல. ஒரு பாதுகாப்புக்கு.

அவ முதலாளிகிட்டப் போய், சார் எடுத்துட்டாருன்னு சொல்லியிருக்கா. எனக்குத் தெரியாம. குத்தம் பாத்தா சுத்தம் இல்லைம்பாங்க, அந்தப் பக்குவம் இல்ல பாருங்க. முதலாளி என்னைக் கூப்பிட்டாரு. "பழைய ஃபைலு இருந்தாக் காட்டட்டுமுங்க"ன்னேன். அவ சிஸ்டத்துலதான் இருந்திருக்கும். அந்த சிஸ்டத்தை அவ லீவுல இருந்தப்பவே அழிச்சுப் புதுப் பையனுக்குக் குடுத்தாச்சு. அது சாதாரணமா நடக்கிறதுதான், ஒரு உள்நோக்கமும் கிடையாது. முதலாளி தங்கமான மனுசன். "தப்பு என் மேலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வேலையைப் பாரும்மா"ன்னாரு. நான்கூடத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன், "அம்மிணி, ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டா நான் பாத்துக்கறேன்"னு. அவ என்ன சொன்னாத் தெரியுமுங்களா? "அந்தம்மா கேட்டதுக்கு நான் பதில் பேசாம வந்தேன் சார். அவங்களுக்குக் கை போயிருக்குது, அதனால கேட்டுக்கிட்டேன். உங்களுக்கு என்ன போச்சு?"

உங்களுக்கு என்ன போச்சு. என்னைப் பாத்து. வேலை பழக்கின என்னைப் பாத்து.

அன்னிக்கே வேலையை விடறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா. அப்பறம் ரெண்டு மூணு கம்பெனியில இருந்து, இந்தப் பொண்ணு எப்படின்னு என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. உங்களுக்குச் சொன்ன மாதிரியேதான் அவங்களுக்கும் சொன்னேன். தங்கமான பொண்ணு, ஒரே ஒரு குணம்னு. ஆளுக்கொரு பேச்சு பேசறவன் நான் இல்ல. இப்ப ஊர்லயே ஒரு பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறாளாம். நல்லதுதானுங்க, பொம்பளப் புள்ளைக்கு வீட்டுப் பக்கத்துல வேலை.

பால்பாண்டிக்குப் பழுதில்லீங்க. அதே பிரஸ்ஸுல கேட்டுல உக்கார வெச்சிருக்காங்க. கேட்டைத் திறக்கறதுக்கு ஒரு கை போதாதுங்களா?

என்னங்க கேட்டீங்க? எதிர்த்துப் பேசுவாளா? அதைக் கேளுங்க. இத்தனை நேரம் பிராக்கெட்டு, கண்ணுன்னு நான்தான் வளத்திட்டு இருந்தேன், நீங்க கேட்டீங்க பாருங்க, அதுதான் கேக்க வேண்டிய கேள்வி. ஆமாமுங்க, பேசுவா. தனக்குத் தெரிஞ்சது சரின்னு பட்டுதுன்னா யாரு என்னன்னு பாக்க மாட்டா. மாமியார் ஒரு தினுசா குழம்பு வைக்கச் சொல்லி, அது அப்படி இல்லைன்னு இவளுக்குத் தோணினா, சொல்லிப்போடுவா. மெதுவாத்தான் சொல்லுவா, குரலு கூட உசராது. ஆனா சொல்லுவா. உங்க அக்கா வீட்டுக்கு அது சரிப்படுமான்னு நீங்கதான் பாத்துக்கோணும். வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு புள்ளை வாழ்க்கையில நான் எதுக்கு மண்ணு போடோணும்?

உங்களுக்கு முன்னாடி ரெண்டு இடம் வந்துது. ஒருத்தர் பெருந்துறை, ஒருத்தர் உடுமலை. அவங்களும் இதே பெஞ்சுலதான் உக்காந்தாங்க. நல்ல மனுசங்க, கேட்டுக்கிட்டு, கும்பிடு போட்டுட்டுப் போனாங்க. அதுக்கு மேல நடந்தது எனக்குத் தெரியாது.

இருங்க, எந்திரிக்காதீங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்குது. இதைச் சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது. நேத்து அவளே எனக்குப் போன் பண்ணினா. இத்தனை நாளா ஒரு வார்த்தை இல்ல, நேத்துக் கூப்பிட்டா. "சார், நாளைக்கு ஒருத்தர் விசாரிக்க வருவாருங்க. முன்னாடி ரெண்டு இடம் உங்களைப் பாத்துட்டுப் போனவங்க திரும்பி வரல. நீங்க என்ன சொன்னீங்கன்னு நான் கேக்கல. எங்கப்பா அதுல இருந்து சரியாச் சாப்பிடறதில்லீங்க சார். ஊர்ல என்னவோ பேசிக்கறாங்க. இந்த ஒரு தடவை மட்டும், நல்ல பொண்ணுன்னு மட்டும் சொல்லி அனுப்பிடுங்க"ன்னா.

நான் சும்மா இருந்தேன். எனக்கு அவ சொல்ல வேண்டிய வார்த்தை ஒண்ணு பாக்கி இருந்துது பாருங்க. அவளுக்கும் அது தெரியும். அப்பறம் சொன்னா. "அந்த பிராக்கெட்டை நான்தான் சார் போடாம விட்டேன். என்ற தப்புதான். முதலாளிகிட்ட வேணும்னாலும் வந்து சொல்றேன். மன்னிச்சுடுங்க"ன்னா. என்ற காதுல கேட்டேன். அழுதுட்டே சொன்னா.

எனக்கு மனசு நிறைஞ்சு போச்சுங்க. இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா கண்ணுன்னேன். அதனாலதான் உங்ககிட்ட இத்தனை தைரியமாச் சொல்றேன். அந்தாளு கை போனது இந்தப் புள்ளையாலதான். யாரோ சொன்னது இல்லீங்க, அவளே ஒத்துக்கிட்டா.